ஹங்கேரியில் 'லைட்' எப்படிக் கேட்பது? புதிதாக வருபவர்களுக்கு ஒரு கையேடு

அகராதியில் 'லைட்' என்று தேடினால் முதலில் வந்து நிற்கும் ஹங்கேரியச் சொல் 'ஃபேஞ்'. சொல் சரிதான். ஆனால் அதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு புடாபெஸ்ட்டில் இறங்கினால், நாம் லைட் என்று சொல்லும் இடங்களில் பாதிக்கு மேல் அது உதவாது. சுவரில் இருக்கும் சுவிட்சுக்கு ஒரு சொல், வீட்டு விளம்பரத்துக்கு ஒன்று, சாலைச் சந்திப்புக்கு ஒன்று, எடை குறைந்த பெட்டிக்கு இன்னொன்று. இவை கலந்ததில் முதல் சில மாதங்கள் எனக்கு நேரமும் ஃபோரின்ட்டும் (ஹங்கேரியப் பணம்) நிறையவே கரைந்தன. படிக்கவோ வேலைக்கோ வருகிறவர்கள் அந்தச் சுற்றைத் தவிர்க்கலாம். எது முதலில் தேவைப்படுமோ அந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

1. முதலில் உச்சரிப்பைச் சரிசெய்யுங்கள்

இதில் தமிழர்களுக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. எழுதும்போது எஃப், தலையில் சாய்ந்த கோடு போட்ட இ, அப்புறம் என், ஒய். கடைசி இரண்டும் சேர்ந்து ஹங்கேரியனில் ஒரே எழுத்து, அதன் ஒலி நம்முடைய ஞ். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் 'ஃபேனி', 'ஃபேன்யி' என்று திண்டாடுவார்கள். நமக்கு 'ஞாயிறு' சொல்லும் நாக்கு போதும். ஒரே சிக்கல், நாம் சொல்லின் கடைசியில் ஞ் போட்டுப் பழகவில்லை. இலக்கண நூல்கள் 'உரிஞ்' என்று ஒன்றைக் காட்டும், பேச்சில் அதுவும் இல்லை. ஆகவே நம் வாய் தானாக 'ஃபேஞ்சு' என்று ஓர் உகரத்தை ஒட்டும். அதை மட்டும் வெட்டிவிடுங்கள்.

இந்தக் கட்டுரைக்குத் தேவையான வேறு விதிகள் கொஞ்சம்தான். அழுத்தம் எப்போதும் முதல் அசையில். எஸ் தனியாக வந்தால் ஷ, எஸ்ஸும் இஸட்டும் சேர்ந்து வந்தால் ஸ. கோடு இல்லாத ஏ எழுத்தை 'ஒ'வுக்குப் பக்கத்தில் சொல்வார்கள், கோடு போட்டால்தான் 'ஆ'. அதனால்தான் கீழே நிறைய 'ஒ' வரும். டி எழுத்து நம் த் மாதிரி, ஆங்கில ட் இல்லை. ஒரு பொருளைக் கேட்கும்போதும் வாங்கும்போதும் சொல்லின் வாலில் ஒரு த் ஒட்டிக்கொள்ளும், நம் இரண்டாம் வேற்றுமை 'ஐ' மாதிரி: ஃபேஞ், ஃபேஞ்த். பலகையில் இருக்கும் சொல்லும் ஆட்கள் பேசும் சொல்லும் வேறாகக் கேட்டால் பெரும்பாலும் இந்த த்தான் காரணம்.

தலைக்கோடுகளை அலட்சியம் செய்யாதீர்கள். கோடு இருந்தால் வேறு எழுத்து, வேறு ஒலி. வந்த அன்றே கைபேசியில் ஹங்கேரிய விசைப்பலகையைச் சேர்த்துவிடுங்கள், செலவில்லாத வேலை.

2. காகிதங்கள்: ஃபேஞ் உண்மையில் வேலை செய்யும் இடம்

வந்த முதல் வாரங்களில் 'ஃபேஞ்' உங்கள் கண்ணில் படுவது விண்ணப்பங்களில்தான். 'ஃபேஞ்கேப்' என்றால் புகைப்படம். 'ஃபேஞ்மாஷொலொத்' என்றால் நாம் ஜெராக்ஸ் என்பது. இரண்டாவதைப் பிரித்தால் ஒளி, நகல். நம் அரசு அலுவலகத் தமிழில் 'ஒளிநகல்' என்று எழுதுவதும் இதுவேதான், ஒருமுறை பார்த்தால் மறக்காது.

புகைப்படம் எடுக்கும் கடையில் போய் ஃபேஞ்கேப் வேண்டும் என்று மட்டும் சொன்னால் எந்த அளவு, எதற்கு என்று திருப்பிக் கேட்பார்கள். அடையாள அட்டைக்கான படத்துக்கு 'இகொஸொல்வாஞ்கேப்' என்று தனிப்பெயர் உண்டு. அளவு 3.5 சென்டிமீட்டருக்கு 4.5. அதற்காக வந்ததும் ஓடிப்போய் படம் எடுக்க வேண்டாம், செலவு சில ஆயிரம் ஃபோரின்ட் ஆகும். நாட்டிலிருந்து வரும்போதே இந்த அளவில் ஏழெட்டுப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்கு இன்னொன்று: மாணவர் அட்டைக்கான படத்தை 'கொர்மாஞொப்லொக்' எனப்படும் அரசு சேவை அலுவலகத்தில் அங்கேயே எடுத்து, 'நெக்' என்ற தகவல் தாளைக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதற்குக் கட்டணம் கிடையாது, படமும் கொண்டுபோக வேண்டாம். அந்தத் தாளில் உள்ள எண்ணை வைத்துத்தான் பல்கலைக்கழகம் அட்டைக்கு விண்ணப்பிக்கும். செப்டம்பரில் கூட்டம் அலைமோதும், முன்பதிவு கிடைத்தால் விடாதீர்கள்.

'ஃபேஞ்கேபெஷ் இகொஸொல்வாஞ்' என்று யாராவது கேட்டால் படம் ஒட்டிய அடையாள அட்டை என்று பொருள். தபால் நிலையத்தில் பதிவுத் தபால் வாங்கும்போது, டிராமில் மாதப் பாஸ் சோதிக்கும்போது கேட்பார்கள். புடாபெஸ்ட் மாதப் பாஸ் 2024 மார்ச்சிலிருந்து 8,950 ஃபோரின்ட், மாணவருக்கு அதைவிட வெகு குறைவு. பாஸ் மட்டும் இருந்து அட்டை இல்லையென்றால் சோதகர் விடமாட்டார்.

இனி பெரிய பொறி. படிவத்தில் வெறும் 'ஃபேஞ்மாஷொலொத்' என்று இருந்தால் தெருமுனைக் கடையில் பக்கத்துக்குச் சில பத்து ஃபோரின்ட் கொடுத்து எடுத்துவிடலாம். ஆனால் 'ஹிதெலெஷ் மாஷொலொத்' என்று இருந்தால் அது வேறு. 'ஹிதெலெஷ்' என்றால் சான்றளிக்கப்பட்ட. அதற்கு நோட்டரியிடம் போக வேண்டும், கட்டணமும் கடைக் கணக்கில் வராது. நம் ஊரில் கெசட்டட் அதிகாரியிடம் பச்சை மையில் கையெழுத்து வாங்கி வந்த நகல் இங்கே செல்லும் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். 'ஹிதெலெஷ் ஃபொர்தீதாஷ்' என்று இருந்தால் சான்றளித்த மொழிபெயர்ப்பு. அதற்குப் பெரும்பாலும் ஓஃபி என்ற அரசு மொழிபெயர்ப்பு அலுவலகத்துக்குத்தான் அனுப்புவார்கள். அவசரம் என்றால் கட்டணம் ஏறும், நிதானமாகக் கொடுத்தால் குறையும். ஆகவே எந்தத் தாளுக்கு எது வேண்டும் என்பதைப் படிவம் கிடைத்த அன்றே கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 'எரெதெதி' என்று எழுதியிருந்தால் அசலையே காட்ட வேண்டும்.

இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், பட்டச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு, வெளிநாட்டிலும் செல்லும் என்று உறுதிசெய்யும் அபோஸ்டில் முத்திரையை ஊரிலேயே வாங்கிவிடுவது நல்லது. இரண்டு நாடுகளும் அந்த உடன்படிக்கையில் இருக்கின்றன. இங்கே வந்தபின் அதற்காகச் சான்றிதழை ஊருக்குத் திருப்பி அனுப்புவது பணத்தையும் வாரங்களையும் விழுங்கும்.

3. வீடு தேடும்போது கேட்க வேண்டிய சொல்: விலாகொஷ்

வீட்டில் வெளிச்சம் இருக்கிறதா என்று கேட்கும்போது 'ஃபேஞ்' வராது. 'விலாகொஷ் ஒ லொகாஷ்?' என்று கேட்க வேண்டும். விலாகொஷ் என்றால் வெளிச்சமான, வெளிர் நிறமான, தெளிவான. அதற்கு எதிர்ச்சொல் 'ஷொதேத்', இருண்ட. வாடகை விளம்பரங்களில் விலாகொஷ் என்ற சொல்லைத் தாராளமாகத் தெளித்திருப்பார்கள். அதை நம்புவதைவிட அதற்குப் பக்கத்தில் இருக்கும் சொற்களைப் படியுங்கள்.

'உத்வொரி' என்றால் முற்றத்துப் பக்கம், 'உத்ஸொயி' என்றால் தெருப்பக்கம். நகரில் ஆற்றுக்குக் கிழக்கே உள்ள பெஸ்ட் பகுதியின் பழைய அடுக்குமாடிகள் நடுவில் முற்றம் விட்டு, சுற்றிலும் திறந்த நடைவழி வைத்துக் கட்டியவை. அந்த நடைவழியைப் பார்த்து ஒரே ஒரு சன்னல் உள்ள தரைத்தள வீட்டை 'சென்தெஷ், உத்வொரி' என்று விளம்பரம் செய்வார்கள். சென்தெஷ் என்றால் அமைதியான. உண்மைதான், அமைதியாக இருக்கும். பகல் பன்னிரண்டு மணிக்கும் விளக்குப் போட்டுக்கொண்டு அமைதியாக இருக்கலாம். அந்தச் செலவு யார் தலையில் என்பதை அடுத்த படியில் சொல்கிறேன்.

சன்னல் எந்தத் திசை என்று கேளுங்கள்: 'தேலி' தெற்கு, 'ஏஸொகி' வடக்கு, 'கெலெதி' கிழக்கு, 'ஞுகொதி' மேற்கு. கடைசி இரண்டும் புடாபெஸ்ட்டின் இரண்டு பெரிய ரயில் நிலையங்களின் பெயர்கள், அதனால் எளிதில் மனதில் நிற்கும். நம் ஊரில் தெற்கு வெயில் என்றால் ஓடுவோம். இங்கே குளிர்காலத்தில் தெற்குச் சன்னல்தான் சொத்து. டிசம்பரில் காலை ஏழரைக்குத்தான் சூரியன் எழும், மாலை நான்கு மணி ஆவதற்குள் விழுந்துவிடும். வீட்டைப் பகலில் மட்டுமே போய்ப் பாருங்கள். 'மாலை ஆறு மணிக்கு வாருங்கள்' என்று உரிமையாளர் சொன்னால், கோடைக்காலம் தவிர மற்ற நாட்களில், வேறு நேரம் கேளுங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வெறும் வாடகை. அதன்மேல் 'ரெஷி', அதாவது மின்சாரம், எரிவாயு, தண்ணீர் செலவு. அதன்மேல் 'கொஸொஷ் கொல்ச்சேக்' எனும் கட்டடப் பராமரிப்புத் தொகை. முன்பணம் பெரும்பாலும் இரண்டு மாத வாடகை. ரெஷி மாதாமாதம் ஒரே தொகையா, மீட்டர் ஓடியபடியா என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக் கேளுங்கள். வாய்வார்த்தையாக விட்டால் பின்னால் கணக்கு உதைக்கும்.

4. மின்சாரத்தை உங்கள் பெயருக்கு மாற்றுவது: வில்லொஞ்

அறை விளக்கு, மின்சாரம் இரண்டையும் மக்கள் பேச்சில் 'வில்லொஞ்' என்பார்கள். 'கரண்ட்' என்று நாம் சொல்வதற்கு நெருக்கமான சொல். மீட்டர் 'வில்லொஞ்-ஓரொ', பில் 'வில்லொஞ்-ஸாம்லொ'. மின்வெட்டு என்றால் மட்டும் சொல் மாறும்: 'நின்ச் ஆரொம்', கரண்ட் இல்லை.

முதலில் இணைப்பு யார் பெயரில் இருக்கப்போகிறது என்று உரிமையாளரிடம் முடிவு செய்யுங்கள். பலர் தங்கள் பெயரிலேயே வைத்துக்கொண்டு பில்லை உங்களிடம் வசூலிப்பார்கள். அப்படியானால் மாதாமாதம் பில்லின் நகலைக் கேட்டு வாங்குங்கள், கேட்பதில் தப்பே இல்லை. உங்கள் பெயருக்கு மாற்றுவதானால் தேவைப்படுபவை இவை: பாஸ்போர்ட் அல்லது வசிப்பு அனுமதி அட்டை, வாடகை ஒப்பந்தம், பழைய பில், அப்புறம் எல்லாவற்றையும்விட முக்கியமான ஒப்படைப்புப் பதிவுத் தாள். அதை 'யெஜ்ஸோகொஞ்வ்' என்பார்கள். சாவி கைமாறும் நாளில் மீட்டரில் இருந்த எண், மீட்டரின் 'ஜாரி ஸாம்' எனும் தொழிற்சாலை எண், தேதி, உங்கள் கையெழுத்து, உரிமையாளர் கையெழுத்து எல்லாம் அதில் இருக்க வேண்டும். பில்லில் 'ஹெச், யூ' என்று தொடங்கும் நீண்ட எண் ஒன்று இருக்கும், அது இணைப்பின் அடையாளம். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மீட்டர் பெரும்பாலும் வீட்டுக்குள் இருக்காது. மாடிப்படி ஓரத்தில் ஓர் இரும்புப் பெட்டி, அதைத் திறந்தால் ஒரே மாதிரி மீட்டர்கள் வரிசையாக இருக்கும். பெயிண்டில் எழுதிய கதவு எண்கள் பாதி அழிந்திருக்கும். உங்களுடையது எது என்று உரிமையாளரைத் தொட்டுக் காட்டச் சொல்லி, வீட்டுக்குள் ஒரு கெட்டிலைப் போட்டுவிட்டு வந்து அந்த மீட்டர் வேகம் எடுக்கிறதா என்று பாருங்கள். எண்ணும் தொழிற்சாலை எண்ணும் ஒரே படத்தில் விழும்படி கைபேசியில் எடுங்கள். தண்ணீர் சூடேற்றும் பாய்லர் இருக்கும் வீட்டில் இரண்டு மீட்டர் இருக்கலாம். இரண்டாவது இரவுக் கட்டண இணைப்பு. இரண்டையும் பதிவுத் தாளில் எழுத வேண்டும்.

பெயர் மாற்றத்தை 15 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். புடாபெஸ்ட்டில் வீடுகளுக்கு மின்சாரம் தருவது எம்விஎம் நெக்ஸ்ட் என்ற நிறுவனம், அங்கேதான் தெரிவிக்க வேண்டும். இணையத்திலும் செய்யலாம், வாடிக்கையாளர் அலுவலகத்திலும் செய்யலாம். பெயர் மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை. 'நான் செய்து தருகிறேன்' என்று யாராவது இதற்குப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

கட்டணக் கணக்கு இதுதான். 2022 ஆகஸ்டிலிருந்து ஓர் இணைப்புக்கு ஆண்டுக்கு 2,523 யூனிட் வரை சலுகை விலை, யூனிட் சுமார் 36 ஃபோரின்ட். அதற்கு மேல் போகும் யூனிட்டுக்குச் சுமார் 70. மாதத்துக்குப் பிரித்தால் 210 யூனிட். சாதாரண விளக்கு, ஃபிரிட்ஜ், லேப்டாப் என்றால் ஒருவர் தாராளமாக உள்ளே இருக்கலாம். மின்சார ஹீட்டரை வைத்துக் குளிர்காலத்தை ஓட்டும் வீட்டில் நாலு பேர் சேர்ந்தால் எல்லை சீக்கிரம் தாண்டும். ஆகவே வீடு எதனால் சூடாகிறது என்பதும் வெளிச்சக் கணக்கின் ஒரு பகுதி.

மாதாமாதம் வருவது பெரும்பாலும் 'ரேஸ்-ஸாம்லொ', உத்தேசக் கணக்கில் போட்ட தவணை. ஆண்டுக்கு ஒருமுறை மீட்டரைப் பார்த்து 'எல்ஸாமொலோ ஸாம்லொ' வரும், அதில்தான் உண்மைக் கணக்கு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், முந்தைய குடியிருப்பாளர் விட்டுப்போன யூனிட்டுகளும் புதியவர் தலையில் விழுந்தன. காரணம், குடியேறிய நாளின் எண்ணை யாரும் எழுதி வைக்கவில்லை. மாதாமாதம் எண்ணை நீங்களே தெரிவிக்கும் முறையும் உண்டு. அதைத் தேர்ந்தெடுங்கள், ஆண்டு முடிவில் அதிர்ச்சி இருக்காது. பணம் கட்டுவதை வங்கிப் பரிமாற்றத்தில் செய்யலாம். வீட்டுக்கு மஞ்சள் சீட்டு வந்தால் அது 'ஷார்கொ செக்', தபால் நிலையத்தில் கொடுத்துக் கட்ட வேண்டியது. அதை வங்கிக் காசோலை என்று நினைத்துப் பத்திரப்படுத்த வேண்டாம்.

வீட்டைக் காலி செய்யும்போதும் இதே பதிவுத் தாள், இதே 15 நாள். அதை விட்டுவிட்டு விமானம் ஏறினால் அடுத்தவர் எரிக்கும் விளக்குக்கும் பில் உங்கள் பெயரில்தான்.

5. சுவிட்ச், பல்பு, பிளக்

'லைட் போடுங்கள்' என்பதற்கு 'ஃபெல்கொப்ச்சொல்னா ஒ வில்லொஞ்த்?' இது மரியாதையான வடிவம், பெரியவர்களிடமும் அலுவலகத்திலும் இதையே சொல்லுங்கள். அறைத் தோழனிடம் 'கொப்ச்சொல்த் ஃபெல் ஒ வில்லொஞ்த்' போதும். அணைக்க 'ஃபெல்' இருக்கும் இடத்தில் 'லெ'. இங்கே 'ஃபேஞ்த்' என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள், ஆனால் மேடை நாடக வசனம் மாதிரி இருக்கும்.

பழைய கட்டடங்களில் மாடிப்படி விளக்கு தானாக அணையும் வகை. இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் கால் வைக்கும்போது பட்டென்று இருட்டாகும். பயப்பட வேண்டாம், ஒவ்வொரு தளத்திலும் சிறு பொட்டு வெளிச்சத்தோடு ஒரு பொத்தான் இருக்கும். விளக்குப் படம் போட்டதை அழுத்துங்கள், மணி படம் போட்டது பக்கத்து வீட்டு அழைப்பு மணி.

பல்பு வாங்க 'இஸ்ஸோ' என்று கேட்கலாம். வீட்டில் பேசும் சொல் 'வில்லொஞ்கொர்தெ'. கொர்தெ என்றால் பேரிக்காய், வடிவத்தைப் பார்த்து வைத்த பெயர். பெட்டியில் 'மெலெக் ஃபெஹேர்' என்றால் மஞ்சள் சாய்ந்த வெண்மை, 'ஹிதெக் ஃபெஹேர்' என்றால் டியூப்லைட் வெண்மை. பழைய பல்பைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். பெரிய திருகு, சிறிய திருகு என்று இரண்டு அளவு உண்டு, நம் ஊர் இரண்டு முள் ஹோல்டர் இங்கே இல்லை. மின்னழுத்தம் நம் நாட்டைப் போலவே 230 வோல்ட், அதனால் சார்ஜருக்குப் பிரச்சினை இல்லை. நம் மூன்று கால் பிளக் மட்டும் பொருந்தாது. இரண்டு உருண்டைக் கால் அடாப்டரை ஊரிலிருந்தே வாங்கி வாருங்கள்.

கைபேசியை ஹங்கேரியனில் வைத்தால் 'ஃபேஞெரோ' என்று ஒன்று தெரியும், திரையின் வெளிச்ச அளவு. அங்கே ஃபேஞ் மறுபடி வந்துவிடுகிறது.

6. தெருவில்

வழி கேட்டால் 'ஒ லாம்பானால் பொல்ரொ' என்பார்கள்: சிக்னலில் இடப்பக்கம். 'யொப்ரொ' என்றால் வலப்பக்கம். லாம்பொ என்றால் விளக்கு, தெருவில் அது போக்குவரத்து சிக்னல்.

வில்லொஞ், வில்லாம், வில்லொமொஷ் மூன்றையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். முதலாவது மின்விளக்கு, இரண்டாவது வானத்து மின்னல், மூன்றாவது டிராம். 'வில்லொமொஷ் எங்கே?' என்று கேட்டால் சுவிட்சைக் காட்டமாட்டார்கள், பெரிய சாலையில் நாலு, ஆறு எண் டிராம் நிற்கும் இடத்தைக் காட்டுவார்கள்.

சைக்கிள் வாங்கினால் இருட்டிய பின் முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு கட்டாயம். ஊருக்கு வெளியே இரவில் ஒளி திருப்பும் உடையும் அணிய வேண்டும், 'லாத்ஹொதோஷாகி மெல்லேஞ்' என்று கேட்டால் பெட்ரோல் பங்க்கிலும் கிடைக்கும். நவம்பரில் ஷிஃப்ட் முடிந்து திரும்பும்போது ஐந்து மணியே நள்ளிரவு மாதிரி இருக்கும். சைக்கிள் வாங்கும் அன்றே விளக்கையும் வாங்குங்கள். கார் ஓட்டுபவர்கள் ஊர் எல்லையைத் தாண்டினால் பகலிலும் முன்விளக்கு போட வேண்டும்.

7. ஆங்கில 'லைட்' ஏமாற்றும் இடங்கள்

எடை குறைந்தது என்றால் 'கொஞ்ஞூ'. எளிது என்பதற்கும் இதே சொல். (முதல் எழுத்தை 'ஒ' சொல்லும் உதட்டோடு 'எ' சொல்லிப் பழகுங்கள்.) 'கொஞ்ஞூ' என்று தேர்வைச் சொன்னாலும் பெட்டியைச் சொன்னாலும் சரி. வெளிச்சத்துக்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

சிகரெட்டுக்கு யாராவது நெருப்புக் கேட்டால் 'வொன் துஸெத்?' என்பார்கள். 'தூஸ்' என்றால் நெருப்பு.

பீர் கடையில் 'விலாகொஷ்' என்றால் நிறம் வெளிறிய சாதாரண லாகர். ஆல்கஹால் குறைவு என்று பொருள் இல்லை. அரை லிட்டர் வேண்டுமென்றால் 'கொர்ஷோ', சிறியது போதும் என்றால் 'பொஹார்'. ஆல்கஹால் இல்லாதது வேண்டுமென்றால் 'ஒல்கொஹொல்மென்தெஷ்' என்று முழுதாகச் சொல்லிக் கேளுங்கள். வண்டி ஓட்டுகிறவர்களுக்கு ஹங்கேரியில் அனுமதி அளவு சுழியம். ஒரு கிளாஸ்தானே, அதுவும் 'லைட்' தானே என்ற கணக்கு சாலைச் சோதனையில் எடுபடாது.